படுத்து வந்த பிரிட்ஜ்

அத்தியாயம் 17

சுஹைரா வீட்டைக் கொடுத்தபோது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிரிட்ஜைக் கொடுக்க மாட்டேன் என்றபோதுதான் சொந்தபந்தம் முழுவதற்கும் வாய் முளைத்தது.

பெண்பிள்ளைக்குக் கலியாணம் முடிந்ததும் வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் வேறு இடம் பார்த்துக்கொள்வது அவர்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். திருகோணமலை ஜமாலியாவில் இருக்கும் அந்த வீட்டைச் சுஹைராவுக்கும் அவளுடைய உம்மா அப்படித்தான் கொடுத்தார். இப்போது அது மகள் நப்லாவுக்கு. கதிரை, அலுமாரி, கட்டில், குசினிச் சாமான் எல்லாம் வீட்டோடு போனது. பிரிட்ஜ் மட்டும் போகவில்லை.

அதற்கொரு காரணம் இருந்தது. கலியாண வாரத்தில், வீடு நிறையச் சனமும் பிரிட்ஜ் நிறைய வட்டிலப்பமுமாக இருந்த நேரத்தில், சுஹைராவின் கணவர் ஹிஸ்புல்லாவின் இன்சுலின் குப்பிகளை யாரோ எடுத்து மேலே ஐஸ் தட்டில் வைத்துவிட்டார்கள். பிறகு அவை பழைய இடத்துக்கே திரும்பி வந்திருந்தன. உறைந்து இளகிய மருந்தில் சத்து இராது என்பது தெரியாமல் ஹிஸ்புல்லா நாலு நாள் அதையே ஏற்றிக்கொண்டார். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். குப்பியைச் சோதித்த டாக்டர்தான் அது ஐஸ் தட்டில் உறைந்த மருந்து என்று சொன்னார்.

"ஆரு இந்த வேல பாத்தது?" என்று சுஹைரா சபையில் வைத்துக் கேட்டாள். அந்த வாரம் பிரிட்ஜ் நப்லாவின் பொறுப்பில் இருந்தது. நப்லா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். சுஹைராவுக்கு அது போதுமாக இருந்தது. அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள்: வீடு உனக்கு, பிரிட்ஜ் என் புருஷனுக்கு.

மாப்பிள்ளை நஸ்ரி துறைமுகத்தில் வேலை செய்பவர், அதிகம் பேசாத மனிதர். அடுத்த வாரமே ஒரு சின்னப் புது பிரிட்ஜை வாங்கிக் கொண்டுவந்து குசினியில் வைத்துவிட்டார். அதை அவர் நல்ல மனதோடுதான் செய்தார். சுஹைராவுக்கு அது முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

இன்று வீடு மாறும் நாள்.

*

காலை எட்டு மணிக்கே சுஹைரா பிரிட்ஜின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்புவழிபுரத்துக் கனகரத்தினம் பாஸ்தான் பதினாலு வருடமாக அந்த பிரிட்ஜுக்கு வைத்தியர். முதல் நாளே போனில் எல்லாம் சொல்லியிருந்தார். ராத்திரியே கரண்டை நிறுத்தி ஐசை உருக்கித் துடைக்க வேண்டும். கண்ணாடித் தட்டுகளைக் கழற்றித் துணியில் சுற்றி வேறாகக் கொண்டுபோக வேண்டும். கதவைத் துணி நாடாவால் கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும்.

சுஹைரா அத்தனையையும் ஒன்று விடாமல் செய்தாள். கலியாண மாலை கட்டியவர்கள்கூட அவ்வளவு கவனமாக நாடா கட்டியிருக்க மாட்டார்கள்.

அவளுடைய தம்பி பாயிஸ் தன்னுடைய மீன் லொறியோடு வந்து சேர்ந்தான். சின்ன பட்டா லொறி. தினமும் கொட்பே மீன் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றுகிற வண்டி. அக்காவுக்காக அதிகாலையிலேயே கழுவிக்கொண்டு வந்திருந்தான், ஆனால் அந்த வாசம் கழுவினால் போகிற வாசமில்லை.

"தம்பி, நிமித்தித்தான் கொண்டு போகணும். விளங்கிச்சா?"

"விளங்கிச்சு ராத்தா."

"வழியில படுக்க வைக்கப்படா."

"படுக்க வைக்க மாட்டன்."

"ஒரு நிமிஷத்துக்கும்."

"யா அல்லாஹ், ராத்தா! நான் முப்பது வருஷமா கடல் சாமான் ஏத்துறவன். ஒரு பிரிட்ஜ் ஏத்தத் தெரியாதா எனக்கு?"

நாலு பேர் சேர்ந்து பிரிட்ஜை ஏற்றினார்கள். பாயிஸ் கேபினுக்குப் பின்னால் முதுகு முட்டும்படி நிமிர்த்தி வைத்து, இரண்டு பக்கமும் மெத்தையைச் செருகி, கயிற்றால் இறுக்கிக் கட்டினான். சுஹைரா கயிற்றைத் தானே இழுத்துப் பார்த்தாள். ஒன்பது மணிக்கு லொறி குறிஞ்சாக்கேணிக்குப் புறப்பட்டது. அங்கே, பாயிஸ் குடியிருக்கும் அவனுடைய மனைவி றுமானாவின் வீட்டுக்குப் பக்கத்து வளவில்தான் இவர்களுடைய புது வீடு. இரண்டு அறை, தகரச் சீட் கூரை, ஒரு கிணறு.

இனி சாவியைக் கொடுப்பது மட்டும்தான் பாக்கி.

நப்லா வாசலில் நின்றாள். சுஹைரா சாவிக் கொத்தை அவள் கையில் வைத்தாள். எத்தனையோ சொல்லியிருக்கலாம். துஆச் செய்திருக்கலாம், கட்டிப் பிடித்திருக்கலாம். இரண்டு பேரும் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வாப்பாட மருந்து எடுத்திட்டீங்களா உம்மா?" என்று நப்லா கேட்டாள்.

"எடுத்தன். நான் எடுத்தா மறக்கவும் மாட்டன், ஐஸ் தட்டில வைக்கவும் மாட்டன்."

சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு கூராகப் போய் விழுந்தது என்று சுஹைராவுக்கே தெரிந்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கும் பழக்கம் அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை. நப்லா சாவியோடு உள்ளே போனாள். பக்கத்தில் நின்ற ஹிஸ்புல்லா ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு இருமிக்கொண்டார்.

*

ஓட்டோவில் சுஹைரா வழி முழுவதும் குளிர் காக்கிற ஒரு சின்ன வெள்ளை றெஜிபோம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே ஆறு குப்பி இன்சுலின். அவற்றுக்கும் காலையில் கடையில் வாங்கிய ஐஸ் பைகளுக்கும் நடுவில் துவாய் மடித்து வைத்திருந்தாள். மருந்து தட்டுப்பாடு, அடுத்த கிளினிக் வரைக்கும் இதுதான் என்று கிளினிக்கில் கையை விரித்துச் சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு இந்த ஆறு குப்பிகள்தான் ஹிஸ்புல்லாவின் உயிர். வெயிலில் வைத்தாலும் கெடும், உறைந்தாலும் கெடும்.

சீனக்குடாவைத் தாண்டி, வெள்ளைமணலில் பாலம் ஏறியபோது காற்று ஓட்டோவையே ஒரு பக்கமாகத் தள்ளியது.

"இண்டைக்கு என்ன காத்து," என்றார் ஹிஸ்புல்லா.

"பிரிட்ஜ் எப்படிப் போச்சோ," என்றாள் சுஹைரா.

மனைவியின் கவலை எப்போதும் தன்னைச் சுற்றியே இருப்பது ஹிஸ்புல்லாவுக்குத் தெரியும். இன்று அது அவருக்கு இதமாக இருக்கவில்லை.

பதினொன்றரைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பிரிட்ஜ் குசினி மூலையில் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கீழே பலகை வைத்து, ஆடாமல் அசையாமல். பாயிஸ் பக்கத்தில் நின்று முகம் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எத்தின மணிக்கு இறக்கின?"

"பதினொரு மணிக்கு ராத்தா."

"ஒம்பதுக்குப் போன லொறி பதினொண்டுக்கா வந்திச்சு?"

"வழியில ஒரு தேத்தண்ணி குடிச்சம்."

"நிமித்தித்தானே வந்திச்சு?"

"பின்ன?"

சுஹைராவுக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. நிமிர்ந்து வந்தாலும் நாலு மணித்தியாலம் நின்ற பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும் என்று பாஸ் சொல்லியிருந்தார். அப்படியென்றால் மூன்று மணி. மருந்துப் பெட்டியின் ஐஸ் பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகை வரைக்கும் தாங்கும். எல்லாம் கணக்காக இருந்தது.

அந்தக் கணக்கில் வராத ஒருத்தி இருந்தாள். அவள் பெயர் றுமானா.

"மதினி, இன்னும் போடல்லயா? நான் ஜெலி கலக்கி வைச்சிட்டனே!" என்று ஒரு தட்டோடு வந்தாள். அவள் பின்னால் தண்ணீர்ப் போத்தல்கள் ஆறு வரிசையாக வந்து மேசையில் உட்கார்ந்தன. "பக்கத்து வீட்டாக்களுக்கும் சொல்லிட்டன், பின்னேரம் வாங்க, ஐஸ் தண்ணி இரிக்கு எண்டு."

"மூணு மணிக்கு."

"ஒரு பத்து நிமிஷம் போட்டுப் பாத்திட்டு நிப்பாட்டினா?"

"மூணு மணிக்கு, றுமானா."

*

இரண்டேகாலுக்கு சுஹைரா சும்மா இருக்க முடியாமல் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு பிரிட்ஜைத் துடைக்கத் தொடங்கினாள். கதவைத் துடைத்தாள். மேலே துடைத்தாள். இடது பக்கம் துடைக்கும்போது துணியில் என்னவோ உரசியது.

குனிந்து பார்த்தாள். ஒரு மீன் செதிள். காய்ந்து, பளபளத்துக்கொண்டு ஒட்டியிருந்தது.

மீன் லொறியில் வந்த சாமானில் செதிள் ஒட்டாமலா இருக்கும்? அதைச் சுரண்டி எடுத்தாள். அதற்கு மேலே இன்னொன்று. இன்னும் ஒரு முழம் மேலே இரண்டு. அவளுடைய கண்ணுயரத்தில் மூன்று. கால்மாட்டிலிருந்து தலைமாடு வரைக்கும் அந்த ஒரு பக்கம் முழுவதும் செதிள். யாரோ அவசரமாகத் துடைத்திருந்தார்கள், துடைத்த கோடுகள்கூடத் தெரிந்தன. வலது பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

சுஹைரா மீன் வியாபாரியின் மனைவி, மீன் லொறிக்காரனின் அக்கா. செதிள் எங்கே ஒட்டும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. லொறியின் தளத்தில்தான் செதிள் கிடக்கும். நிமிர்ந்து நின்ற பிரிட்ஜின் தலை தளத்தில் படுவதற்கு வழியே இல்லை.

"பாயிஸ்!"

அந்தக் குரலைக் கேட்டுப் பக்கத்து வளவுக் கோழிகள்கூட ஒதுங்கின. பாயிஸ் வந்தான். அக்காவின் உள்ளங்கையில் இருந்த செதிள்களைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இது என்ன?"

"செதிள்."

"எங்க இருந்திச்சு தெரியுமா? தலைமாட்டில. பிரிட்ஜ் எழும்பி நிண்டு கொண்டு தலையால லொறியைக் கூட்டிச்சா?"

"ராத்தா, அது வந்து..."

"பூசி மெழுகாத. எனக்குக் கோவம் காட்டுறதுக்கு நேரமில்ல. எங்க படுத்தின? எவ்வளவு நேரம்? அத மட்டும் சொல்லு."

பாயிஸ் முதலில் மென்று விழுங்கினான். பிறகு, கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தானோ என்னவோ, ஒரே மூச்சில் சொன்னான்.

"சீனக்குடாவில நல்ல காத்து ராத்தா. பிரிட்ஜ் ஆடிச்சு, கயிறு முறுகிச்சு. அந்தப் பாலத்தில ஏறினா ஆளோட தண்ணிக்குள்ள போயிரும் எண்டு பயந்திட்டன். படகு என்ஜின நாங்க படுக்க வைச்சுத்தானே கொண்டு போற? அதுக்கு ஒண்டும் ஆகுறதில்லயே. இதுவும் ஒரு மெசின்தானே எண்டு இடது பக்கமாச் சரிச்சுப் படுக்க வைச்சன். தேத்தண்ணிக் கடையில நிண்டதோட சேத்து ஒரு மணித்தியாலம் இரிக்கும். பேசுவீங்க எண்டு சொல்லல்ல."

படகு என்ஜினை அறிந்தவன் செய்த வேலை அது. ஊரில் யாரைக் கேட்டாலும் பாயிஸ் செய்தது சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதுதான் சுஹைராவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவள் கனகரத்தினம் பாசுக்குப் போன் எடுத்தாள். எல்லாரும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"ஓம் தங்கச்சி, சொல்லுங்கோ."

சொன்னாள்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "கரண்ட் குடுத்திட்டீங்களோ?"

"இல்ல அண்ணன். மூணு மணிக்குக் குடுக்க இருந்தன்."

"கடவுள் காப்பாத்தினார். கொம்பிரசருக்குள்ள எண்ணெய் இருக்குத் தங்கச்சி. பிரிட்ஜைப் படுத்தினா அது குழாய் வழிய ஓடிப் போயிடும். அது திரும்பி இறங்க முந்திப் போட்டா, கொம்பிரசர் காய்ஞ்சு ஓடும். பிறகு நான் வந்தும் பிரயோசனம் இல்லை. எத்தனை மணிக்கு நிமித்தினது?"

"பதினொரு மணிக்கு."

"அப்ப நாளைக்குப் பதினொரு மணிக்கு முந்தி ஒருத்தரையும் கிட்ட விட வேண்டாம். ஒரு முழு நாள் நிக்கட்டும்."

"நிண்டா சரியாகிருமா அண்ணன்?"

"அனேகமா ஆகும். நாளைக்குப் போட்டுப் பார்த்தாத்தான் தெரியும். நான் இப்ப ஓம் எண்டு சத்தியம் பண்ணினா அது பொய்."

போன் வைக்கப்பட்டது. றுமானா தன் ஜெலித் தட்டைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"மதினி, எங்கட உம்மா வீட்டில ரெண்டு தரம் படுக்க வைச்சுக் கொண்டு போய் உடனே போட்டது. ஒண்டும் ஆகல்ல."

"உங்கட உம்மா வீட்டு பிரிட்ஜில என்ட புருஷன்ட மருந்து இருக்கல்ல, றுமானா."

சுஹைரா பிளக் வயரைச் சுருட்டினாள். ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, வாயைக் கயிற்றால் கட்டி, முடிச்சுக்கு மேல் முடிச்சாக ஆறு முடிச்சுப் போட்டாள். அதைப் பிரிட்ஜின் பின்னால் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட்டாள்.

*

பிரிட்ஜ் நாளை வரைக்கும் நிற்கும். மருந்து நிற்காது.

சுஹைரா றெஜிபோம் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஐஸ் பைகள் பாதி இளகிவிட்டன. சீட் கூரை தலைக்கு மேல் கொதித்துக்கொண்டிருந்தது. றுமானா வீட்டில் பிரிட்ஜ் இல்லை, பக்கத்தில் பிரிட்ஜ் உள்ள வீடுகள் எல்லாம் குழந்தை குட்டியோடு நாளுக்கு நூறு தரம் கதவு திறக்கிற வீடுகள். ஒரு தடவை பட்டுவிட்டாள். இனி மருந்தை யார் வீட்டுத் தட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு வைக்க அவள் தயாராக இல்லை.

பாயிஸ் செய்த பிழைக்குப் பரிகாரம் தேடி அலைந்துகொண்டிருந்தான். சட்டென்று முகம் மலர்ந்தது.

"ராத்தா! ஐஸ்தானே பிரச்சின? நான் இப்பவே போய் மீன் ஐஸ் ஒரு பெட்டி நிறைய ஏத்திட்டு வாறன். மருந்த அதுக்கு நடுவில புதைச்சு வைப்பம். நாளைக்கு வரைக்கும் கல்லு மாதிரி இரிக்கும்."

"கல்லு மாதிரி இரிக்கத்தான் கூடாது!" சுஹைரா கத்தியேவிட்டாள். "மருந்து என்ன, மீனா? ஐசுக்குள்ள புதைச்சா உறைஞ்சிரும். உறைஞ்சா செத்த மருந்து. ஒருக்கா ஒருத்தி செஞ்சது போதாதா? அவளுக்குத்தான் தெரியல்ல எண்டா உனக்குமா?"

அதுவரைக்கும் மூலைக் கதிரையில் உட்கார்ந்திருந்த ஹிஸ்புல்லா எழுந்தார்.

"நப்லாவ ஏசாத," என்றார்.

"ஏன் ஏசப்படா? அவள் செஞ்ச வேலையால நீங்க..."

"அவள் செய்யல்ல."

ஹிஸ்புல்லா மனைவியைப் பார்க்கவில்லை. பிரிட்ஜில் இன்னும் ஒட்டியிருந்த செதிள்களைப் பார்த்தார்.

"மருந்த ஐஸ் தட்டில வைச்சது நான்தான், சுஹைரா. கலியாணச் சனம் கதவத் திறந்து திறந்து மூடினாங்க. கீழ் தட்டில குளிர் இல்லாம மருந்து கெட்டுப் போயிரும் எண்டு பயந்தன். முப்பது வருஷம் மீன் வித்தவன் நான். எவ்வளவு ஐஸ் போடுறமோ அவ்வளவு நல்லா இரிக்கும் எண்டுதான் எனக்குத் தெரியும். ரெண்டு நாளால பாத்தன், கல்லாகி இருந்திச்சு. எடுத்துக் கீழ வைச்சன். இளகிச்சு. தண்ணி போலத்தான் இருந்திச்சு. அதையே ஏத்தினன்."

"ஏன் சொல்லல்ல?"

"நீ சபையில கேட்டது எனக்குத் தெரியா. நான் வார்டில கிடந்தன். வீட்டுக்கு வரக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. நீ அவளோட கதைக்கிறதில்ல. நான் சொன்னா, உனக்கு முன்னால நான் இன்னும் சின்ன ஆளாகிருவன் எண்டு..." அவர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "இண்டைக்குப் பாயிஸ் சொல்லிட்டான். அவன் ஒரு பிரிட்ஜுக்குச் சொன்னான். நான் என்ட பிள்ளைக்குச் சொல்லல்ல."

"அவளுக்குத் தெரியுமா? நீங்கதான் எண்டு?"

"நான் எடுத்துக் கீழ வைக்கக்குள்ள அவள் குசினி வாசல்ல நிண்டவள்."

சுஹைரா பக்கத்திலிருந்த பிரிட்ஜில் சாய்ந்துகொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது, வெட்கமும் வந்தது. இரண்டில் வெட்கம்தான் பெரிதாக இருந்தது. செதிளைப் பார்த்ததும் பாயிஸைக் கூப்பிட்டு எங்கே, எவ்வளவு நேரம் என்று கேட்கத் தெரிந்தது. பெற்ற மகளிடம் அப்படி ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை. தலை குனிந்து நின்றதைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிட்டாள். மூன்று கிழமை. இன்று காலையிலும்கூட.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு குப்பியை ஈரத்துணியில் சுற்றி மண்சட்டிக்குள் வைத்துவிட்டு, றெஜிபோம் பெட்டியை மூடி, கையில் எடுத்தாள்.

"பாயிஸ், லொறிய எடு."

"எங்க ராத்தா?"

"ஜமாலியாவுக்கு."

ஹிஸ்புல்லா ஒரு அடி முன்னால் வந்தார். "நானும் வாறன்."

"நீங்க நாளைக்கு வந்து உங்கட வாயால சொல்லுங்க. இண்டைக்கு என்ட முறை." அவருடைய முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "சாப்பாட்ட நேரத்துக்குச் சாப்பிடுங்க. இரவைக்கு ஏத்துறதுக்கு ஒரு குப்பி மண்சட்டிக்குள்ள இரிக்கு. றுமானா, பிரிட்ஜப் பாத்துக்க."

"நான் தொட மாட்டன் மதினி," என்றாள் றுமானா, ஜெலித் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

*

திரும்பிப் போகும்போதும் பாலத்தில் அதே காற்று. பாயிஸ் லொறியை மெதுவாக ஓட்டினான். சுஹைரா பெட்டியை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மகளிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தாள். மூன்று வசனம் தேறியது. அவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அன்புவழிபுரம் தாண்டும்வரைக்கும் மூன்றும் சரியாக இருந்தன.

பின்னேர அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்த நேரம் லொறி அந்த வாசலில் நின்றது. இருபத்தாறு வருடம் அவள் பெயரில் இருந்த, கதவு தட்டாமல் அவள் நுழைந்த வீடு. காலையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவள், இப்போது வாசற்படிக்கு வெளியே நின்றாள். விருந்தாளிகள் நிற்கும் இடத்தில் நின்று ஸலாம் சொன்னாள்.

நப்லா கதவைத் திறந்தாள். உம்மாவைப் பார்த்தாள், கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"வாப்பாவுக்கு என்ன?"

"ஒண்டுமில்ல மகள். நல்லா இரிக்காரு. பிரிட்ஜப் பாயிஸ் மாமா படுக்க வைச்சுக் கொண்டு வந்திட்டான். செதிள் ஒட்டியிருந்தத வைச்சுத்தான் பிடிச்சன். நாளைக்கு வரைக்கும் போட ஏலாது. மருந்த ஒரு இரவைக்கு..." சுஹைரா நிறுத்தினாள். "உன்ட பிரிட்ஜில வைக்க வந்தன்."

நப்லா இரண்டு கையாலும் பெட்டியை வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறந்து, விரலால் குப்பிகளைத் தொட்டுப் பார்த்து, மறுபடி மூடினாள்.

"எந்தத் தட்டில வைக்கிற, உம்மா?"

அடுக்கி வைத்திருந்த மூன்று வசனமும் சுஹைராவுக்கு மறந்துபோயிற்று.

"உனக்குத் தெரியும்," என்றாள். "உனக்கு அண்டைக்கும் தெரியும். வாப்பா எல்லாம் சொல்லிட்டாரு. நான்தான் பிழை மகள். என்ன மன்னிச்சிரு."

தன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைச் சுஹைராவே அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டாள். நப்லாவின் கண்கள் நிறைந்தன. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"வாப்பா சொன்னாரு, நம்புறீங்க. மாமாட செதிளையும் நம்பினீங்க. என்னட்ட மட்டும் ஒரு வார்த்த தனியக் கேட்டிருக்கலாமே, உம்மா."

அவள் பெட்டியோடு உள்ளே போனாள். குசினியில் புது பிரிட்ஜின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. குப்பிகள் ஒவ்வொன்றாக, மெதுவாக, தட்டில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு கதவு மூடியது.

வாசற்கதவை நப்லா சாத்தவில்லை. உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை.

"ராத்தா, போவமா?" என்று லொறியிலிருந்து பாயிஸ் கேட்டான்.

"நீ போ," என்றாள் சுஹைரா. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த வாசற்படியில் உட்கார்ந்தாள்.